நேரே பார்க்காதவர்

பொத்தானை அழுத்தினால் தேர்வாகாத எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் போய்விடும். ஆஸ்பத்திரியின் மனிதவளப் பிரிவில் அவளுக்கு இப்போது மிச்சமிருந்த வேலை அநேகமாக அதுதான். வார்டு உதவியாளர் வேலை கேட்பவர்கள், கேள்விகளுக்குக் கைபேசியிலேயே பதில் சொல்லிப் பதிவுசெய்து அனுப்புகிறார்கள். மென்பொருள் பார்த்து மதிப்பெண் போடுகிறது. மனிதர்கள் பார்த்தாக வேண்டிய அவசியமில்லை.

அவள் மட்டும், அழுத்துவதற்கு முன், கடைசி இடத்தில் இருப்பவரின் பதிவைப் பார்ப்பாள். வேலை கிடைக்காவிட்டாலும் அந்த முகத்தை யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். பிறகு கண்களை மூடி அவருக்காக வேண்டிக்கொள்வாள்.

அன்று கடைசியில் இருந்தவர் முன்பு லாரி ஓட்டியவர். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. பாதி பதில் சொல்வார், பக்கவாட்டில் திரும்புவார், விட்ட இடத்தைத் தேடி மறுபடி தொடங்குவார். குரல் ஏறவேயில்லை. நடுவில் அவர் கை நீண்டு எதையோ இழுத்துச் சரிசெய்தது. திரும்ப ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் அது போர்வையின் ஓரம் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் யாரோ படுத்திருந்தார்கள். ‘கவனம் சிதறுகிறது’ என்று குறித்திருந்தது மென்பொருள்.

பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மென்பொருளைப் பழக்கிய குழுவில் இருந்தவள் அவள். பழைய நேர்காணல்களில் பதிவாகியிருந்தவை வரவேற்பு மேசைக்கு எடுத்தவர்களுடையவை மட்டும்தான். அவற்றைக் காட்டித்தான் பழக்கினோம் என்றாள்.

“சிரிச்சுக்கிட்டு நேராப் பாத்துப் பேசுறவங்களையே காட்டினோம். புள்ளையக் குத்தம் சொல்லி என்னக்கா பண்றது? வளர்த்தது நாமதானே.”

தொழில்நுட்பக் கோளாறு என்று குறித்து அவரை நிறுத்திவைத்துவிடு, யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் சொல்லிக்கொடுத்தாள். நல்ல காரியத்தைப் பொய்யில் தொடங்க இவளுக்கு மனம் ஒப்பவில்லை. மேலாளரின் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் கெட்டவரல்ல. வாரக்கணக்கில் இழுத்த வேலை இப்போது மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிறது, ஒருவருக்குக் கதவைத் திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டிவரும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

“பாவம் பாத்து ஆள் எடுக்க முடியாதும்மா.”

“பாவம் பாக்கல சார். படுத்திருக்கிறவங்க பக்கம் திரும்பிப் பாக்குற ஆள்தானே நம்ம வார்டுக்கு வேணும்? மத்த பதிவையும் நானே பாத்துடறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளை சாயங்காலம்வரை மின்னஞ்சல்களை நிறுத்திவைக்கச் சொன்னார்.

“அவர் சரியா வரலைன்னா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன் சார்.”

இருக்கைக்கு வந்ததும் லாரிக்காரருக்கு அழைத்தாள். நாளைக் காலை நேரில் வர முடியுமா என்று கேட்டாள். மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது. அவர் வேலைக்குக் கிளம்பினால் அந்தக் கட்டிலருகே யார் இருப்பார்கள் என்பதை அவள் அப்போதுதான் யோசித்தாள்.

“வரணும்மா,” என்றார் ரகசியக் குரலில். “இவகூட இருக்க ஆள் வேணும். பக்கத்து வீட்டுல கேட்டுப் பாக்குறேன். வச்சிடாதீங்க.”

கைபேசியைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். செருப்புச் சத்தம் விலகியது. தூரத்தில் ஒரு கதவு தட்டப்பட்டது. பிறகு, காதுக்கு மிக அருகில், தூங்குகிற ஒரு பெண்ணின் மூச்சு சீராக ஏறி இறங்கியது. என்ன ஆயிற்று என்று கேட்க ரேடியோ நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். இவள் தன் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.