பதிவேடு இருக்கும் வீடு

1986 மாரிகாலத்தில் அடக்கம் செய்யப்பட்ட கனகரட்ணம், அடுத்த ஞாயிறு மாலையே றோஸ் ரீச்சரின் விறாந்தையில் உட்கார்ந்து வெறுந்தேத்தண்ணி குடித்தார். தேவாலயச் சபையில் அவருக்கு முன் இறந்தவர்களும் கூட வந்திருந்தார்கள். கதிரை போதாமல் பலர் நின்றார்கள்.

காரணம் எளிது. 1983இல் யாழ்ப்பாணப் பட்டணத்தில் தீவைப்புகள் பெருகியபோது, சபைச் செயலாளரான கனகரட்ணம் ஞானஸ்நானப் பதிவேடுகளை ஒரு றங்குப்பெட்டியில் போட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகு பூச்சி தட்டுவதும் வேப்பிலை வைப்பதுமாக அவருடைய மாலைகள் எல்லாம் பெட்டிக்கே போயின. மனைவி ஐரிஸுக்கு வயிறு எரிந்தது. அவர் கண்மூடிய கையோடு, கொங்கிறீற் கூரைதான் பாதுகாப்பு என்று சாட்டுச் சொல்லி, பெட்டியைப் பக்கத்து வீட்டு றோஸ் ரீச்சரிடம் தள்ளிவிட்டாள். றோஸ் கலியாணம் கட்டாதவள். பதிவேடு இருக்கும் இடத்தில்தான் சபைக் கூட்டம் நடக்கவேண்டும் என்பது பழைய வழக்கம். கூட்டம் கூட்டுவது செயலாளரின் வேலை. இறந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

ஐரிஸ் வேலியடியில் வந்து நின்றாள்.

"அவருக்குச் சலரோகம், இனிப்பே ஆகாது. நீ தேத்தண்ணியோட பனங்கட்டி குடுக்கிறியாம்?"

"செத்த மனுசனுக்கு இனி என்ன வருத்தம், அக்கா? கேட்டார், குடுத்தன். நீங்களும் வாங்கோவன்."

"என்ரை புருசனைப் பாக்க உன்ரை வீட்டுப் படி ஏறுவனே?"

பெட்டியைத் திருப்பிக் கேட்டாள். அவளுடைய ஓட்டுக்கூரையை ஷெல் குண்டு பிய்த்திருந்ததால் சபையார் மறுத்துவிட்டார்கள். ஆண்டுகள் போயின. ஞாயிறுதோறும் வேலிக்கு அப்பால் கணவர் சிரிப்பதைக் கேட்டபடி, அவருடைய வெறுங்கதிரைக்கு எதிரே அவள் இருந்தாள். தன்னோடு அவர் அப்படிச் சிரித்ததில்லை என்பதுதான் அவளைத் தின்றது.

1995 ஐப்பசியில் சண்டை நெருங்க, பட்டணமே வெளியேறியது. ஐரிஸ் தன் தையல் மெசினைக்கூட வீட்டில் விட்டுவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு முதன்முறையாக றோஸின் படி ஏறினாள்.

"ஒரு பக்கம் பிடி," என்றாள்.

பெட்டியைக் கரியரில் கட்டி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். இறந்தவர்களும் சனத்தோடு சனமாக நடந்தார்கள். இடித்து நெரிக்கிறார்கள் என்பதைத் தவிர அவர்களைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கினார்கள். ஞாயிறு மாலை கனகரட்ணம் வந்தார். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஐரிஸ் தேத்தண்ணியைக் கொடுத்து, சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்த பனங்கட்டியை அவிழ்த்தாள்.

"கடியுங்கோ."

அவர் கடித்தார். சிரித்தார். றோஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கனக்கக் குடுக்காதேங்கோ, அக்கா," என்றாள். "அவருக்குச் சலரோகம்."

கனகரட்ணம் இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.