போயிட்டு வர்றோம்

மகள் கொடுத்தனுப்பியது ஒரே ஒரு வேலைதான். "அம்மா, இன்னிக்குப் படகுல போறப்ப அத்தைகிட்ட நீயே ஒரு வார்த்தை கேட்டுடு. அவங்க சரின்னுட்டா இவர் மறுபேச்சு பேச மாட்டார். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுடலாம்."

டெய்லரம்மா தலையாட்டி வைத்தாள். கடல் தாண்டி மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. ஊர் திரும்ப இன்னும் ஐந்தே நாள். மகளுக்குப் பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது, அதுவும் தலைப்பிரசவம். பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று டெய்லரம்மாவுக்கு நெஞ்சு நிறைய ஆசை. ஆனால் அந்த வீட்டில் நிரந்தரமாக இருப்பவள் மருமகனின் அம்மா. அவள் வாயிலிருந்து "இருங்க" என்று வராமல் எப்படி ஒட்டிக்கொள்வது? மானம் என்று ஒன்று இருக்கிறதே.

சம்பந்தியம்மாவும் இவளும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு சம்பந்தியம்மாவின் பிளவுஸைத் தைத்தது டெய்லரம்மாதான். "கையே நுழையல" என்று அவள் நாலு பேர் முன்னால் சொல்ல, "அளவெடுத்த அன்னிக்குக் கை இவ்வளவு பெருசா இல்லையே" என்று இவள் திருப்பிக் கொடுக்க, அத்தோடு சரி. அவள் முப்பது வருஷம் ஆபீஸில் ஃபைல் பார்த்தவள், எதையும் மறக்கிற ஆள் இல்லை. இவளும் லேசுப்பட்டவள் அல்ல. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "காபி ஆறுதுன்னு சொல்லும்மா", "சூடா குடிச்சா எனக்கு ஆகாதுன்னு சொல்லும்மா" என்று வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணைத் தபால்காரியாக்கி வைத்திருந்தார்கள். வயசாகிவிட்டால் புத்தி வந்துவிடும் என்று யார் சொன்னது?

மருமகன் இருவரையும் படகுத்துறையில் இறக்கிவிட்டு, மகளை டாக்டரிடம் கூட்டிப் போனான். மதியம் வந்து அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. துறையில் வெள்ளை வெளேரென்று எத்தனையோ படகுகள் நின்றன. இவர்களுடையது அந்த வரிசையில் இல்லை. குப்பைத்தொட்டிக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றது. முகப்பில் ஒரு சுறாமீன் தலை, எந்தப் பொருட்காட்சியிலிருந்து பெயர்த்து வந்ததோ, ஒரு கண்ணைக் காணோம். பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஏறும்போதே படகுக்காரன் ஆளுக்கொரு குவளை கொடுத்தான். குடிக்க ஏதோ தரப்போகிறான் என்று டெய்லரம்மா வெகுநேரம் நீட்டிக்கொண்டிருந்தாள். அது உள்ளே வரும் தண்ணீரை வெளியே இறைப்பதற்காம். மலிவு டிக்கெட் என்றால் சும்மாவா?

படகுக்காரன் தொப்பையும் தொண்டையுமாகப் பாடினான். பாட்டுக்கு ஏற்றபடி பயணிகள் இறைத்தார்கள். ஒவ்வொரு பாலம் வரும்போதும் அவன் ஹாரன் அடிக்க, எல்லோரும் குனிந்து "ஓ" என்று கத்த வேண்டும். சம்பந்தியம்மா சுறாத் தலைக்கடியில், டெய்லரம்மா வால் பக்கம். நடுவில் பதினெட்டுத் தலைகள். அத்தனை தலைகளுக்கும் மேலே, "உங்க வீட்ல இன்னும் ரெண்டு மாசம் இருந்துக்கட்டுமா?" என்று கத்த முடியுமா? போன காரியம் புஸ்ஸென்று போயிற்று.

கரை வந்தது. மகள் இவளிடம் ஒரு போன் கொடுத்திருந்தாள். தமிழில் பேசினால் அது அந்த ஊர் பாஷையில் உரக்கச் சொல்லும். டெய்லரம்மா அதைக் கொண்டு கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டு, அணைக்க மறந்துவிட்டாள். இறங்கும்போது பழக்கதோஷத்தில், "போயிட்டு வர்றோம்ப்பா" என்றாள். போன் என்னவோ சொன்னது. படகுக்காரன் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தான். எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷன் என்று இவளும் பூரித்துப் போனாள்.

கால் மணி நேரம் கழித்து, இருவரும் பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்து இரு வேறு திசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. படகுக்காரன் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் படகு நிறையப் புது ஆட்கள், எல்லோரும் இவர்களையே முறைத்தார்கள். அவன் இவளுடைய போனில் மூச்சு வாங்கப் பேச, அது தமிழில் சொன்னது: "திரும்பி வருவதாக நீங்கள் வாக்களித்தீர்கள். உங்களுக்காக இரண்டு நாற்காலிகளைக் காலியாக வைத்திருக்கிறேன். அனைவரும் காத்திருக்கிறார்கள்."

டெய்லரம்மா போனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்திலிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு. சம்பந்தியம்மா!

"போறோம்னு சொல்லித் தொலைச்சிருந்தா விட்டிருப்பான்ல?"

"அது எப்படிங்க? நல்லபடியா கரை சேர்த்தவன்கிட்டப் போய் வாய் கூசாம போறோம்னு சொல்றதா?"

"அதுவும் சரிதான். எனக்கும் வராது."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேராகப் பேசிக்கொண்டதை இருவருமே படகில் ஏறிய பிறகுதான் உணர்ந்தார்கள். இந்த முறை காலியாக இருந்தவை சுறாவின் தாடைக்கடியில் ஒட்டி ஒட்டிப் போட்ட இரண்டு நாற்காலிகள். இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. இறைச்சுக்கிட்டே கேளுங்க, புடவை நனையுது."

"பிரசவம் வரைக்கும் நான் இங்கயே இருந்துக்கட்டுமா? ஒரு மூலைல பாய் போட்டா போதும்."

சம்பந்தியம்மாவின் குவளை அந்தரத்தில் நின்றது. "இதைக் கேக்க மூணு வாரமா? கிளம்பற தேதியை எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டீங்க. அதைப் பாத்துப் பாத்து எனக்கு ராத்தூக்கமே போச்சு."

"உங்களுக்கு எதுக்கு?"

சம்பந்தியம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். படகில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்றாலும் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குக் குழந்தை குளிப்பாட்டத் தெரியாது."

"ஒரு பிள்ளை பெத்திருக்கீங்களே!"

"பெத்தேன். லீவு முடிஞ்சதும் ஆபீஸ் போயிட்டேன். வளத்ததெல்லாம் என் ஓர்ப்படிதான். என் பையன் தலைல நான் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினதில்ல. இப்ப மருமக, அத்தை இருக்காங்க எனக்கென்ன கவலைன்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்றா. எங்க போய் முட்டிக்கறது? உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்க. நீங்க இருங்க. நீங்க கிளம்பினா நானும் கூடவே கிளம்பிடுவேன்."

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் அடுத்த நொடியே கண் கலங்கிவிட்டது. தெரியாது என்று சொல்ல இந்த மனுஷி எவ்வளவு தவித்திருப்பாள்! அவள் மேல் இதுவரை இல்லாத பாசம் பொங்கியது.

"நல்லா கால நீட்டி உக்காருங்க" என்றாள். நாற்காலிக்கடியில் கிடந்த ஒரு குழந்தை லைஃப் ஜாக்கெட்டை இழுத்து சம்பந்தியம்மாவின் கால் மேல் கிடத்தினாள். "இடது கை கழுத்துக்கடியில. அப்படித்தான். நெத்தியில கையைக் குறுக்க வெச்சு ஊத்துங்க."

இதுவும் சுற்றுலாவில் ஒரு பகுதி என்று நினைத்து, இறைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து சூழ்ந்தார்கள். படகுக்காரன் பாட்டை நிறுத்தினான். சம்பந்தியம்மா குவளைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"ஐயோ, மூக்குல தண்ணி போயிடுச்சா?" அவள் நிஜமாகவே பயந்திருந்தாள்.

டெய்லரம்மா குனிந்து அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டை ஆராய்ந்தாள். "அழறானா பாருங்க."

"இல்ல."

"அப்புறம் என்ன? பயப்படாம முதுகைத் தேய்ங்க."