பியட்டுக்குப் போன கிருஷ்ணாயில் புனல்

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கார் தள்ளியவள் மேனாம்பேட்டிலேயே நான் ஒருத்திதான். அதுவும் ஒரு முறை இல்லை, நாலு முறை. மூன்றாவது முறை அம்பத்தூர் ரயில்வே கேட்டில். கேட் திறந்ததும் முன்னால் நின்ற லாரி போய்விட்டது. எங்கள் பியட் மட்டும் தண்டவாளத்து மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடிக்க, நான் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினேன். பஸ் ஜன்னலில் இருந்து ஒருவன், "யக்கா, கல்யாண பொண்ணே தள்ளிகினு போவுதா?" என்று கேட்டான். அவன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

அந்த வண்டி அறுபத்து நாலாம் வருஷத்துது. என்னைவிட ஒரு வயது மூத்தது. என் வீட்டுக்காரர் உத்தமன் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால், மூத்தவளைக் கட்டிக்கொண்டு என்னை இரண்டாந்தாரமாகக் கூட்டி வந்தாரோ என்று தோன்றும். ஆவடி டாங்கி பேக்டரியில் அவர் பிட்டர். அங்கே அவர் கை பட்ட டாங்கி பாலைவனத்து மணலில் ஓடுகிறதாம். இங்கே வாசலில் நிற்கிற காரோ கேட்டைத் தாண்டுவதில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்!

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் வைகாசியில் எங்கள் மகள் புஷ்பாவுக்குத் திருத்தணியில் மொட்டையடித்துக் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் என் தம்பி பாஸ்கரன் நாள் பேசிவிட்டுப் போக வந்திருந்தான். புது மாருதி வாங்கி ஆறு மாதம் ஆகியும் சீட்டு பாலிதீனைப் பிரிக்காதவன்.

"மாமா, என் வண்டிலயே எல்லாரும் பூடலாம். உங்க வண்டி மலைல பாதி வழில படுத்துக்கும்" என்றான்.

"எங்கூட்டு வண்டி கீறப்ப எதுக்கு மச்சான் உன் வண்டி?" என்றார் இவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கீதுய்யா, கீது. தள்றதுக்கு நான் கீறேனே!" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, கடைசியில் ஒரு நிபந்தனையும் போட்டேன். "எல்லாரும் உன் பியட்லயே வர்றோம். நடுவுல ஒருத்தரும் எறங்காம மலை ஏறிச்சின்னா, அந்த வண்டியப் பத்தி இனிமே நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். ஒருத்தர் எறங்குனாலும், அத்த வானகரத்துல எத்திராஜ் பழைய இரும்புக் கடைல வுட்டுடணும். இன்னா சொல்ற?"

அவர் ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்தார். "சரி" என்றார். பேச்சென்றால் அவருக்குப் பேச்சுதான். அவர் அப்பாவிடம் பீடி பிடிக்க மாட்டேன் என்று பத்தாம் வகுப்பில் சொன்ன வார்த்தையை இன்றுவரை மீறாத மனுஷர். அது தெரிந்தும் வாயை விட்டேனே, அது என் கொழுப்பு.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. பேக்டரி விட்டு வந்ததும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். மேட்டில் ஏறும்போது மட்டும் வண்டி ஏன் திணறுகிறது என்று அவருக்கு ஒரு கண்டுபிடிப்பு. எனக்கும் விளக்கினார்.

"ஆவடி ரயில்ல சாயங்காலம் நடு கூட்டத்துல நின்னுகினு வந்தா எப்டி கீது? மூச்சு முட்டுதுல்ல? அதே கதவாண்ட நின்னா?"

"காத்து ஜில்லுனு வரும்."

"அதான். இஞ்சின் இப்ப நடு கூட்டத்துல நின்னுகினு கீது. அது உடுற சூட்டையே அது திரும்ப இஸ்துகினு கீது. முன்னாடி கிரில்லாண்டேர்ந்து ஒரு பைப்பு போட்டு வெளி காத்த பில்டருக்கு கொண்டாந்து உட்டுட்டா, கதவாண்ட நின்ன மாரி."

முதலில் வீட்டுக்குத் தண்ணீர் குழாய் போட்டபோது மிஞ்சிய பிவிசி பைப்பை மாட்டினார். பூந்தமல்லி வரைக்கும் போய்த் திரும்பி வந்து பானட்டைத் திறந்தால், இஞ்சின் சூட்டில் பைப் வதங்கின முருங்கைக்காயாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு லோகநாயகி எட்டிப் பார்த்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பிளாஸ்டிக் ஆவாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பாடியில் தகர வேலை செய்கிற துலுக்காணத்திடம் போனார். சன்ஷேடிலிருந்து மழைத் தண்ணீர் வடிகிற தகரக் குழாயை அளவாக வெட்டி, இரண்டு முழங்கை வளைவு வைத்து ஈயம் பற்றவைத்துத் தந்தார் துலுக்காணம்.

அந்த வாரம் ரேஷனில் கிருஷ்ணாயில் ஊற்றினார்கள். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று வாங்கி வந்து ஸ்டவ்வில் ஊற்றலாம் என்று பார்த்தால், புனலைக் காணோம். ஆணியில் மாட்டி வைத்திருந்த புனல். அலமாரி, பரண், கோழிக்கூடை எல்லாம் தேடிவிட்டு, கண் மதிப்பில் ஊற்றப்போய்ப் பாதி தரையில் போயிற்று. மூன்று நாள் வீடே நாறியது. சோற்றில்கூட அந்த வாசனை.

புனல் எங்கே இருந்தது? பியட்டின் முன் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் பக்கத்தில், தகரக் குழாயின் முனையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அடியில் இருந்த சல்லடையைக்கூட எடுக்கவில்லை. "பூச்சி புழு உள்ள பூடக்கூடாது பாரு, உன் சல்லட ரொம்ப ஒதவியா கீது" என்றார், என்னமோ நான் பிரியமாகக் கொடுத்தனுப்பியது போல.

கையில் கரண்டி இருந்தது. நான் பேச ஆரம்பிப்பதற்குள், "கோவப்படாத மே. இங்க வா, கைய வையி" என்று என் கையைப் பிடித்துப் புனல் வாயில் வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக் கொஞ்சம் முடுக்கினார்.

உள்ளங்கையை அது இழுத்தது. விட்டது போல இருந்து, மறுபடி இழுத்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"கொயந்த பால் குடிக்கற மாரி இல்ல?" என்றார். முகமெல்லாம் கரி. அதில் பல் மட்டும் தெரிந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. ஷிப்டு முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுக்கிற மனுஷர், பத்து நாளாக எட்டுக்கட்டையில் பாடிக்கொண்டே திரிகிறார். அந்த இடத்தில்தான் என் மனசு கவிழ்ந்தது. வண்டி போனால் இந்தச் சிரிப்பும் எத்திராஜ் கடைக்குப் போய்விடுமே!

ஆனால் சொன்ன வார்த்தையை நானே திரும்ப எடுப்பதா? அதுவும் பாஸ்கரன் முன்னால்? என் வீம்பு விடவில்லை. அதனால் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். புறப்படுகிற அன்று விடிகாலையில், மஞ்சளில் நனைத்துக் காய வைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்தேன். "முருகா, இந்த வண்டி ஒருத்தரையும் எறக்காம உன் மலை ஏறிடணும். ஏறிடுச்சின்னா இந்தக் காச உன் உண்டியல்ல போட்டுடறேன்" என்று வேண்டிக்கொண்டேன். எந்தக் காரியத்துக்கு வேண்டுகிறோமோ அதன் பக்கத்திலேயே முடிச்சு இருந்தால் பலன் அதிகம் என்று நினைத்து, பானட்டைத் திறந்து, புனலை ஆணியில் மாட்டுகிற வளையத்திலேயே அதைக் கட்டிவிட்டேன். துணியில் மிச்சம் ஒரு முழம் தொங்கியது. வெட்டக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

பாஸ்கரனும் அவன் பெண்டாட்டி சாமுண்டீஸ்வரியும் பின் சீட்டில். சாமுண்டீஸ்வரி ஒருத்தியே இரண்டு பேர் கணக்கு. நான் புஷ்பாவை மடியில் வைத்துக்கொண்டு முன்னால். டிக்கியில் அண்டாவும் அரிசி மூட்டையும். ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் எல்லாம் வண்டி சர்ரென்று தாண்டியது. வழியில் ஒரு லாரியையே ஓவர்டேக் எடுத்தார். "இன்னா மச்சான், பேச்சே காணோம்?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "மலை வரட்டும் மாமா" என்றான் பாஸ்கரன்.

மலை வந்தது. முதல் வளைவில் பியட் ராஜா மாதிரி ஏறியது. இரண்டாவதிலும் சத்தம் மாறவில்லை. நான் புஷ்பாவின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பை மறைத்தேன். மூன்றாவது வளைவு செங்குத்து. அவர் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தார். வண்டி ஒரு முறை இருமியது. அப்புறம் தொடர்ந்து இருமியது. பின்னால் கரும்புகை.

"போச்சு" என்றான் பாஸ்கரன். "அக்கா, செருப்ப மாட்டிக்க, தள்ளணும்."

வண்டி நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தபடி அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினார். "காத்து பத்தல. அதான் புகையுது. புது பைப்பு, காத்து எப்டி பத்தாம போவும்?"

காற்று பத்தவில்லை என்று காதில் விழுந்தது. உள்ளங்கையை இழுத்த இழுப்பு ஞாபகம் வந்தது. ஒரு முழம் துணி! கையையே இழுக்கிற வாய், துணியை விடுமா?

பிரேக்கை விட்டு அவர் இறங்க முடியாது. பின்னால் இருக்கிற இரண்டு பேருக்கும் எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. இறங்க வேண்டியவள் நான்தான். இறங்கினால் பந்தயம் தோற்றது. இறங்காவிட்டாலும் தோற்றது. புஷ்பாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு இறங்கினேன்.

முதலில் ஒரு பெரிய கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தேன். பிறகு பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். நினைத்தது சரி. வழியெல்லாம் காற்றில் ஆடி வளையத்துக் கட்டு தளர்ந்து, மஞ்சள் துணி மொத்தமும் புனலுக்குள் போய்ச் சல்லடையை அப்பிக்கொண்டிருந்தது. பிடுங்கி எடுத்து, கைக்குள் மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"அது காசு முடிஞ்ச துணியாச்சே அண்ணி?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"நீ வாய மூடிகினு உக்காரு" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். ஓடுகிற வேகத்தில் ஏறுவது ஒன்று, செங்குத்தில் நின்ற இடத்திலிருந்து, ஐந்து பேரையும் அண்டாவையும் அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டு ஏறுவது வேறு. பியட் ஒரு தடவை உறுமியது. கல்லை விட்டு நகர்ந்தது. அப்புறம் நிற்கவே இல்லை, கோயில் வாசலில் போய்த்தான் நின்றது. பாஸ்கரன் தன்னையறியாமல் கை தட்டிவிட்டான்.

மொட்டை ஆயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து புஷ்பா மலையே அதிரக் கத்தி, காது குத்தியும் ஆயிற்று. சாமி பார்க்க வரிசையில் நிற்கும்போது இவர் பாஸ்கரனிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"மச்சான், வானகரம் பக்கம் போனா எத்திராஜாண்ட சொல்லிடு. ஞாயித்துக்கெயம வண்டிய கொண்டாந்து வுட்டுடறேன்."

"இன்னா மாமா, அதான் ஏறிடுச்சே!"

"ஒருத்தரும் எறங்கக்கூடாதுன்றது பேச்சு. உங்கக்கா கஸ்தூரி எறங்கிச்சி." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வண்டி தொலையணும்னு நீ காசு முடிஞ்சி வேண்டிக்கினே, சாமி குட்த்துட்டாரு. எனக்கு கோவம்லாம் இல்ல மே. மூணு வாட்டி பட்டுப்பொடவல தள்ன உனுக்குத்தான் அந்த கஷ்டம் தெரியும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தி, இந்த மனுஷர் என்னைத் தெரிந்துகொண்ட லட்சணம் இதுதானா!

"யோவ்!" என்றேன். வரிசையில் முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். "வண்டி தொலையணும்னு இல்லய்யா. ஏறணும்னு முடிஞ்சேன்! நீ பாடிகினு திரிஞ்சியே, அதுக்கோசரம் முடிஞ்சேன். என் பாழாப்போன துணியே அது மூச்ச அடைக்கும்னு நான் கண்டனா?"

சாமுண்டீஸ்வரி மூக்கை உறிஞ்சினாள்.

நான் நேரே உண்டியலுக்குப் போய் முடிச்சை அவிழ்த்துக் காசைப் போட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் திரும்பினேன். "பாத்துக்க. வண்டிக்கு வேண்டிக்கினு, காணிக்கையும் செலுத்தியாச்சி. இதுக்கு மேல அத்த இரும்புக் கடைல போட்டா சாமி குத்தம். பொம்பளப் புள்ள பெத்து வெச்சிகீறோம். உனுக்குத் தைரியம் கீதா?"

அவருக்குச் சாமியிடம் தைரியம் கிடையாது. பாஸ்கரன்தான் தீர்ப்புச் சொன்னான். "வண்டி யாரையும் எறக்கல மாமா. அக்காவ எறக்குனது அக்காவோட துணி. நீங்கதான் ஜெயிச்சீங்க. அக்கா, இனிமே வண்டியப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது, ஞாபகம் கீதுல்ல?"

"கீதுடா" என்றேன்.

திரும்பி வரும்போது அவர் எட்டுக்கட்டையில் பாடிக்கொண்டே ஓட்டினார். பாஸ்கரனும் கூடப் பாடினான். ஆவடி தாண்டியது. அம்பத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. திறந்ததும் முன்னால் நின்ற லாரி போனது. எங்கள் வண்டி தண்டவாளத்து மேட்டில் பாதி ஏறி, ஒரு விக்கல் விக்கி, நின்றுவிட்டது.

புனலில் ஒன்றும் இல்லை. பைப்பும் நன்றாக இருந்தது. காற்றுக்காகப் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்ட மனுஷர், பெட்ரோல் போட மறந்திருந்தார்.

பின்னால் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். பாஸ்கரனும் சாமுண்டீஸ்வரியும் மூச்சுவிடாமல் என் வாயையே பார்த்தார்கள். என் நாக்கில் என்னென்ன வந்து நின்றது என்று அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கினேன். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மஞ்சள் துணியை இடுப்பில் சொருகி, நாலாவது முறையாகத் தள்ளினேன்.

"எதுனா திட்டு மே" என்றார் அவர், ஜன்னலில் தலையை நீட்டி. "நீ திட்டாம தள்னா வண்டி நவராது போலகீது."