ஆறப்போட்ட பல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு, அந்த வீட்டின் மூன்று பேரும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொள்வார்கள். சொன்னது எதுவும் அன்றைக்கு வாங்கப்படாது. ஒரு வாரம் ஆறப்போட வேண்டும். அடுத்த ஞாயிறும் அந்த ஆசை அப்படியே இருந்தால்தான் காசு வெளியே வரும். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் விலக்கு.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் மனைவி. போன வருஷம் வாடகை தவறியபோது வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. மாடிப்படியில் நின்று செருமினார், அவ்வளவுதான். அந்தச் செருமல் அவளை வாரக்கணக்கில் தூங்கவிடவில்லை.

ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். கடைவீதியில் நடந்தாலே கை பரபரக்கிற ஆள். ரேடியோ, கைவிளக்கு, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி என்று அவன் கேட்டதெல்லாம் இரண்டொரு நாளில் அவனுக்கே மறந்துபோயின. தன் ஆசைகளில் பாதி வெறும் அலுப்புதான் என்று தெரிந்தபோது அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. இப்போது அலமாரியில், மடித்த துணிகளுக்கு அடியில், இரண்டு மாத வாடகை முன்கூட்டியே கிடந்தது. அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒன்று கிடந்ததே இல்லை.

"மாமா, நீங்க ஆரம்பிங்க," என்றாள் மனைவியின் தங்கை. ரொட்டிக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள். அவர்களோடுதான் இருந்தாள்.

"எனக்குத் தூக்கம் வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

"காசில்லாத அயிட்டமெல்லாம் இங்க பேசக் கூடாது. சரி, எனக்குக் கண்ணாடிக்கு ஃப்ரேம். இதைப் பாருங்க, காது பக்கம் டேப் சுத்தி வச்சிருக்கேன். கடைக்கு வர்றவன் எல்லாம் என் மூஞ்சியப் பாக்காம டேப்பைத்தான் பாக்குறான்."

"அடுத்த வாரம் பாக்கலாம்டி," என்றாள் அக்கா.

"ஆடிட்டரம்மா, கண்ணு தெரியாம எவனுக்காவது சில்லறை கூடக் குடுத்துட்டா?"

"டேப்பை இறுக்கிச் சுத்து."

தங்கை உதட்டைச் சுழித்தாள். மனைவி இடது கன்னத்தைக் கையில் தாங்கியபடி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு ஒரு பல்லு."

"இருக்கிறதே வாய் கொள்ளாம இருக்கு. இன்னொண்ணா?"

"சும்மா இருடி. கீழ்க் கடவாய்ப்பல். நாலஞ்சு நாளா வலிக்குது. டாக்டர்கிட்ட காட்டணும்." சொல்லிவிட்டு, யாரும் பேசுவதற்குள் அவளே முடித்தாள்: "ஆறப்போடுவோம்."

இது வேறு கணக்கு, கிளம்பு, இப்போதே போகலாம் என்று கணவன் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் காலையில் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோய், ஞாயிறென்றும் பாராமல் கூப்பிட்டு, ஒன்பது மாடி ஏறி இறங்கியிருந்தான். நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதே மலையாக இருந்தது. அதோடு, விதி போட்டவளும் வரிசையில் நிற்கிறாள் என்பதில் அவனுக்குள் எங்கோ ஒரு சின்ன திருப்தி. அவன் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டான்.

மனைவிக்கு வேலை ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில். சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து வெளியே வரும் படுக்கை விரிப்புகளை, எதிரில் நிற்கும் இன்னொருத்தியோடு முனை பிடித்து மடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாரம் ஆவி முகத்தில் அடித்தபோதெல்லாம் பல்லுக்குள் யாரோ சுத்தியல் வைத்துத் தட்டினார்கள். வலது பக்கமே மென்றாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். முனைகளைச் சேர்க்கத் தவறி, இரண்டு முறை மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"என்ன, பாட்டெல்லாம் பலமா இருக்கு?"

"வலி போயிடுச்சுங்க. மத்தியானத்துலேருந்து சுத்தமா இல்ல. பச்சைத் தண்ணி குடிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தெரியல."

"டாக்டர்கிட்ட..."

"எதுக்கு? வலிக்காத பல்லைக் காட்டி அந்தாளுக்குக் காசு குடுக்கணுமா? உங்க ரேடியோ மாதிரிதான். தானா அடங்கிடுச்சு."

அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அவனும் சிரித்தான். ஞாயிறு வந்தது. தங்கைக்கு ஃப்ரேம் கிடைத்தது. பல் பட்டியலிலிருந்து போனது.

அடுத்த இரண்டு வாரமும் அவள் முன்னைவிடக் களைத்துத் தெரிந்தாள். வேலை அதிகம் என்றாள். எல்லோருக்கும் வேலை அதிகம்தான், அதனால் யாரும் மேலே கேட்கவில்லை. ஒரு காலையில் எழுந்தபோது இடது கன்னம் பன்னாக உப்பியிருந்தது. கண் பாதி மூடிக் கிடந்தது. உடம்பு கொதித்தது.

"அக்கா, கண்ணாடியப் பாக்காத," என்றாள் தங்கை. அவள் குரலில் கேலி இல்லை.

பல் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். எக்ஸ்ரே படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, பல்லின் வேருக்குக் கீழே கருத்திருந்த இடத்தைக் காட்டினாள்.

"முன்னாடி நல்லா வலிச்சு, திடீர்னு நின்னுச்சா?"

அவள் தலையாட்டினாள்.

"அன்னைக்கு நரம்பு செத்துருக்கு. நரம்பு செத்தா வலி நின்னுடும். சீழ் நிக்காது. ஆரம்பத்துல வந்திருந்தா ஒரு சின்ன அடைப்போட முடிஞ்சிருக்கும்."

கணவன் தரையைப் பார்த்தான். முதலில் மாத்திரையில் வீக்கம் வடியட்டும் என்றாள் டாக்டர். பிறகு இரண்டு வழி. வேரைச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே உறை போட்டால் பல் தங்கும். அதற்கு அவள் சொன்ன தொகை கிட்டத்தட்ட அலமாரியில் இருந்தது முழுவதும். இல்லையென்றால் பிடுங்கிவிடலாம். அது மலிவு.

வீக்கம் வடிந்து அவர்கள் திரும்பி வந்த அன்று, வெளி பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

"பல்லு இருக்கட்டும்," என்றான் அவன். "காசு போனா சேத்துக்கலாம்."

"பிடுங்கிடலாம்."

"உனக்கு இன்னும் நாப்பது வயசுகூட ஆகல. எதுக்கெடுத்தாலும் கஞ்சத்தனமா?"

அவள் கோபப்படவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டும். "கஞ்சத்தனம் இல்லீங்க. அந்தக் காசு அங்க இருக்கிறதாலதான் நான் தூங்குறேன். அதுக்கு முன்னாடி படியில யாரு நடந்தாலும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். உங்களுக்குத் தெரியாது, நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருப்பீங்க. பல்லு எனக்கு இன்னும் நிறைய இருக்கு."

"நான் லீவு நாள்லயும் வேலைக்குப் போறேன்."

"போய்? ஒன்பது மாடி ஏறி மயக்கம் போட்டு விழவா? அப்புறம் உங்களுக்கு யாரு உறை போடுறது?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. தன் தாராளம் முழுக்க அவளுடைய தூக்கத்தை எடுத்துச் செலவு செய்வதுதான் என்று அந்த பெஞ்சில்தான் அவனுக்கு உறைத்தது.

"சரி," என்றான். "ஆனா ஒண்ணு. உடம்புக்கு வர்றது எதையும் இனிமே ஞாயித்துக்கிழமைக்கு வைக்கக் கூடாது. உனக்கும் சரி, எங்களுக்கும் சரி. அன்னிக்கே கிளம்பணும்."

"ம்."

"நீ வேணாம்னாலும் நான் தூக்கிட்டுப் போயிடுவேன்."

"நீங்க? என்னையா?" அவள் வலது பக்க உதட்டால் சிரிக்கப் பார்த்தாள். உள்ளே கூப்பிட்டார்கள்.

கதவு மூடியிருந்தாலும் உள்ளே கருவிகளைத் தட்டில் வைக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தாள். கண்ணோரம் ஈரமாக இருந்தது. அவன் கொடுப்பதற்குள் அவளே பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்து, மீதியை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தான். இரண்டாவது நிறுத்தம் தாண்டுவதற்குள் தலை அவன் தோளில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்து, பஞ்சின் சிவந்த முனை தெரிந்தது. அவர்கள் இறங்க வேண்டிய இடத்தின் பெயரைக் கண்டக்டர் கத்தினார். முன்னால் இருந்தவர்கள் மூட்டைகளோடு இறங்கினார்கள். அவள் அசையவில்லை. எழுப்பக் கையைத் தூக்கியவன், அதை மறுபடி மடியில் வைத்துக்கொண்டான்.

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து, டிக்கெட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"இறங்கலையா?"

"இன்னும் ரெண்டு டிக்கெட் குடுங்க," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி.

"எங்க?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும்."