ஆள் குடியிருக்கும் வீடு

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் சூப்பர்வைசரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருவர் தங்கிப் போன அறையில் அவர் தங்கிய சுவடே தெரியக் கூடாது என்பது அவள் வேதம். தலையணையில் ஒரு முடி ஒட்டியிருந்தால் அன்றைக்கு யாருக்கோ அர்ச்சனை நிச்சயம்.

இப்போது அவள் வீட்டு மாடி அறையில் வெளியூர்க்காரர்கள் இரண்டு நாள், மூன்று நாள் தங்கிப் போகிறார்கள். குடும்பம் அதில்தான் ஓடுகிறது. அங்கேதான் நகராட்சி கை வைத்தது. குடியிருப்புத் தெருக்களில் வீட்டை வாங்கிப் போட்டு, தாங்கள் எங்கோ இருந்துகொண்டு, நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் பெருகிவிட்டார்களாம். இனிமேல் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்தால்தான் உரிமம். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார்.

உரிமம் இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்க வேண்டியதுதான். மகன் தங்கமானவன். ஆனால் போன தடவை அங்கே துண்டைக் காயப்போடக்கூட மருமகளிடம் இடம் கேட்க வேண்டியிருந்தது. ஆயுள் முழுக்க விருந்தாளிகளுக்குப் படுக்கை விரித்தவள், கடைசியில் தானே விருந்தாளியாவதா?

அதனால் அதிகாரி வரும் நாளன்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். கணவரின் சட்டைகள், மாத்திரைகள், மூக்குக்கண்ணாடி, லிப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்து ஸ்பேனர்கள், தன்னுடைய புடவைகள், சீப்பு, பல் துலக்கும் பிரஷ் வரை இரண்டு பெரிய பெட்டிகளுக்குள் போயின. குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து துடைத்தாள். அடுப்பு கடையில் வாங்கிய அன்றுபோல் மின்னியது.

"ஆள் இருக்கிற வீடுன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். விடேன்" என்றார் கணவர்.

"நீங்க வாயத் திறக்காம உக்காந்தாப் போதும்" என்றாள். அவரும் உட்கார்ந்தார், கசங்காமல்.

அதிகாரி ஒரு சின்ன வயதுப் பெண். அறை அறையாகப் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். அடுப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். சூப்பர்வைசரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ரொம்ப சுத்தமா இருக்கும்மா. ஆனா இங்க யாரும் குடியிருக்கிற மாதிரி தெரியலையே?"

சூப்பர்வைசரம்மா பதறினாள். "ஐயோ, நாங்க இங்கதாம்மா இருக்கோம்! சாமானெல்லாம் இதோ!" என்று ஓடிப்போய், கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு பெட்டிகளையும் இழுத்துக் கூடத்தில் வைத்தாள்.

"ஓ, இன்னைக்கு வந்து இறங்கினீங்களா?" என்றாள் அதிகாரி.

கணவர் அடையாள அட்டையை நீட்டினார். "அட்டை எல்லாருகிட்டயும் இருக்குங்கய்யா" என்றாள் அதிகாரி. " நேத்து பார்த்த வீட்ல அட்டை இருந்துச்சு, அடுப்புதான் இல்ல. பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

போச்சு என்று சூப்பர்வைசரம்மா தலையில் கை வைத்தாள். பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். விருந்தாளிகள் பெட்டியை உருட்டும் சத்தத்துக்காக மாதம் தவறாமல் புகார் கொடுக்கிறவர். கூப்பிடுவதற்கு முன்பே வாசலில் வந்து நின்றார்.

"இவங்க இங்கதான் குடியிருக்காங்களா சார்?"

"என்னம்மா கேள்வி இது?" கண்டக்டர் கொதித்துப் போனார். "இந்த மனுஷன் குளிக்கும்போது பாடுற பாட்டைக் கேட்டு எங்க வீட்டு நாய் சோபாவுக்கு அடியில போயிடுது. இந்தம்மா ஃபேனை நிறுத்துன்னு கத்தும். அவரு போடுன்னு கத்துவாரு. நேத்திக்கு இடியாப்பம் மாதிரி சிக்கலா ஒரு சண்டை, யார் ஆரம்பிச்சாங்கன்னு எனக்கே புரியல. குடியிருக்காங்களாவாம்!"

கணவர் வெட்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதிகாரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி சார், சந்தேகம் தீர்ந்தது. வாடகைக்கு விடுறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா? இருந்தா உரிமம் தர முடியாது."

கண்டக்டர் வாயைத் திறந்தார். கூடத்தில் நின்ற பெட்டிகள் கண்ணில் பட்டன.

"எங்க கிளம்புறீங்க?"

"உரிமம் இல்லைன்னா மகன்கிட்டதான் போகணும்" என்றாள் சூப்பர்வைசரம்மா.

கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆட்சேபணை ஒண்ணும் இல்லம்மா. இவங்க போயிட்டா நான் யார் மேல புகார் குடுக்கிறது?"

அதிகாரி கையெழுத்துப் போட்டாள். சூப்பர்வைசரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "உள்ள வாங்கண்ணே, டீ போடுறேன்" என்றாள்.

"டீயெல்லாம் அப்புறம்" என்றபடி அவர் உள்ளே வந்தார். "முதல்ல அந்த ரெண்டு பெட்டியையும் பிரிம்மா."