நட்சத்திரம் போட்ட வசனம்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டிலிருந்தே ஆய்வேடுகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். மொழியியல் மாணவி துஷாந்தினியின் ஆய்வேட்டில் சில வசனங்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தது. அடிக்குறிப்பைத் தேடினேன், இல்லை. எரிச்சலில் எல்லா நட்சத்திரத்தையும் அழித்து அனுப்பிவிட்டேன்.

போனில் பதறினாள். "ஐயோ அக்கா, ஸ்டார் போட்டா அப்பிடி ஒருத்தரும் கதைக்கிறேல்லை எண்டு அர்த்தம்!"

"'நான் நேற்று வருவன்' மாதிரியோ?"

"ஓம், அதேதான்."

ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். ஒருவரும் கதைக்காததற்கும் ஒரு குறியா! எனக்கு ஆசை விடவில்லை. புதுப் பக்கம் திறந்து நானே ஒரு வசனம் அடித்தேன்.

இரவுச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்க வந்த என் கணவர் எட்டிப் பார்த்து வாசித்தார்: "'இண்டைக்கு நான் சமைக்கிறன், நீர் இரும்.' சரியாத்தானே இருக்கு. பிறகேன் முன்னுக்கு ஸ்டார்?"