பேக்ஸ்பேஸ் விழுங்கிய பதிவுகள்

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மருந்துக் கிடங்கில் அக்காவுக்கு இருப்புப் பதியும் வேலை. அங்கே மானேஜருக்கு முதுகுக்குப் பின்னால் 'கெடுபிடி' என்று பெயர். பழைய டெர்மினல்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்தபோது, எந்த விசையைத் தட்டினால் சர்வருக்கு எந்தக் கட்டளை போக வேண்டும் என்பதை அவரே அமைத்தார். "இதுக்கு எதுக்கு வெளியாளு?" என்றார். அக்காவின் கம்ப்யூட்டரில் பிசகிவிட்டது. பேக்ஸ்பேஸ் தட்டினால் ஓர் எழுத்துக்குப் பதில் முழுப் பதிவே அழிந்தது.

இன்சுலின் இருப்பு திரையிலிருந்து மறைந்ததும் அக்காவை எல்லார் முன்னாலும் நிற்கவைத்தார்.

"நான் ஒரு எழுத்தைத்தான் சார் அழிச்சேன்."

"கண்ணு பொடனியில இருந்தா இப்படித்தான். கெளம்பு!"

அவள் போன பிறகு, அந்தக் கீபோர்டைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டார். பக்கத்து இருக்கைக்காரி வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் அக்கா ஒடுங்கிப்போயிருந்தாள். போனில் ஒரு வரி அனுப்பவும் தங்கையிடம் நீட்டி, "சரியா இருக்கா பாருடி" என்பாள்.

தங்கை சர்வர் பராமரிக்கும் கம்பெனியில் இருந்தாள். அந்தக் கிடங்கின் வேலை வந்தபோது கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் யாரென்று கெடுபிடிக்குத் தெரியாது.

"இப்ப எல்லா மெஷின்லயும் பேக்ஸ்பேஸ் தட்டுனா திரையில கன்னாபின்னான்னு எழுத்து வருதும்மா. நாளைக்கு முதலாளி வர்றாரு. மானத்தைக் காப்பாத்து."

"பாத்துக்கறேன் சார்."

மற்ற கம்ப்யூட்டர்களில் விசைகளை ஒழுங்காக அமைத்தாள். அவருடையதில் மட்டும், பேக்ஸ்பேஸுக்குப் பதிவை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். யாருடைய மருந்துக்கும் தட்டுப்பாடு வரக் கூடாதென்று எல்லாப் பதிவுகளுக்கும் நகல் எடுத்துவைத்தாள்.

மறுநாள் முதலாளி அருகில் உட்கார்ந்திருக்க, கெடுபிடி மிடுக்காகத் தட்டினார். ஓர் எழுத்து தவறியது. பேக்ஸ்பேஸ். பதிவைக் காணோம். பதறி மறுபடி தட்டினார். அடுத்ததும் போனது. இன்னும் வேகமாகத் தட்டினார். திரை காலியாகிக்கொண்டே வந்தது.

"என்னய்யா பண்றே?"

"ஒரு எழுத்தைத்தான் சார்... மெஷின் கோளாறு!"

"எங்க அக்காவும் இதைத்தான் சொன்னா," என்றாள் பின்னால் நின்ற தங்கை. அக்காவின் கீபோர்டில் நடந்ததையும் அவர் அதை மறைத்ததையும் போட்டு உடைத்தாள். இன்றைக்குத் தான் செய்ததையும் மறைக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரி எழுந்து நின்று, "உண்மைதாங்க," என்றாள்.

முதலாளி கெடுபிடியையும் தங்கையையும் வெளியே அனுப்பினார். கெடுபிடியின் வேலை போனது. நகலைப் போட்டுப் பதிவுகளை மீட்டுக் கொடுத்த பின், அவளுடைய கம்பெனியில் தங்கையின் வேலையும் போனது.

கேட்டதும் அக்கா சீறினாள். "உனக்கென்ன பைத்தியமாடி? சோத்துக்கு என்ன பண்ணுவோம்?"

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து தங்கைக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவன் மூஞ்சி எப்படிடி இருந்துச்சு?"

"ஈயாடலை."

"மொதல்லேர்ந்து சொல்லு. மெதுவா."